சட்டைப் பையில் போன பென்டிரைவ்

ஜூன் 3, செவ்வாய்

அவருடைய லேப்டாப்பை இன்று வெளியே எடுத்தேன். தூசி தட்டத்தான். தட்டிய கையோடு பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஓர் ஆங்கில வரி வந்து நின்றது. பெங்களூரில் இருக்கும் மகள் நன்முல்லைக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். “துவக்குறதுக்கு ஒண்ணுமே கிடைக்கலன்னு சொல்லுதும்மா” என்றாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

சுரங்கத்தில் ஷிப்ட் ஷிப்டாக உழைத்துவிட்டு, ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கும்போது, ஏப்ரலில் ஒரு காலை பல் விளக்கப் போன மனுஷன் திரும்பி வரவில்லை. இதயமாம். ஜூலை முடிவதற்குள் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நன்முல்லை தன் வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாள். நெய்வேலியில் இனி எனக்கு வேலை பாத்திரம் கட்டுவதுதான்.

இந்த லேப்டாப்பை அவர் எப்போதும் ஒரு நீலநிறப் பென்டிரைவைச் செருகித்தான் திறப்பார். கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். அதை நான்தான் அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பினேன். எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம். பிடித்த பொருள் ஏதாவது கூட வைக்கச் சொன்னார் என் நாத்தனார். மாமனாருக்குப் பொடி டப்பா வைத்தார்கள். இவருக்குப் பொடியும் இல்லை, வெற்றிலையும் இல்லை. எந்நேரமும் கையில் உருட்டிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

ஜூன் 5, வியாழன்

நிஜாமுதீனிடம் பேசினேன். வடலூர்ப் பக்கம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். மாதம் ஒரு ஞாயிறு அவரும் இவரும் இன்னும் நாலு பேரும் கூடி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடுவதாம், லினக்ஸ் லினக்ஸ் என்று பஜனை பண்ணுவார்கள். காபி போட்டுக் கொடுத்தே என் முதுகு போனது.

“அண்ணி, அந்தப் பென்டிரைவ் இல்லாம அது எழுந்திருக்காது. பூட்லோடர் அதுலதான் இருக்கு.”

“அப்படின்னா என்ன தம்பி?”

“லேப்டாப் கண்ணு முழிச்சதும், உள்ள தூங்குற சிஸ்டத்தைத் தட்டி எழுப்புற ஆளு அண்ணி. சின்ன புரோகிராம்தான். அது லேப்டாப்போட டிஸ்க்லயே இருக்கணும். அண்ணன் லினக்ஸ் போட்டப்ப தப்பா பென்டிரைவ்ல போட்டுட்டாரு. நாங்கெல்லாம் சிரிச்சோம். ‘யோவ், திருட்டுப் பயத்துக்குத்தான் அப்படிப் போட்டேன்’னு சாதிச்சாரு. அந்த ரோஷத்துல கடைசி வரைக்கும் மாத்தவே இல்ல.”

என்னிடமும் திருட்டுப் பயம் என்றுதான் சொல்லியிருந்தார். சிரிப்பு வந்தது. இவ்வளவு நாளில் முதல் சிரிப்பு.

பென்டிரைவை எடுத்து வைக்கச் சொன்னார் நிஜாமுதீன். அது எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அப்படியானால் அண்ணன் சேமித்த ஃபைல்களை மட்டும் வேண்டுமானால் எடுத்துத் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அவர் வைத்தது வைத்தபடி அது எழுந்திருக்க வேண்டும். இதில் பெரிதாக ஒன்றும் இல்லை, எனக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 8, ஞாயிறு

நிஜாம் வந்தார். பழைய சிஸ்டத்தைத் தொடாமல் பக்கத்திலேயே எனக்கென்று புதிதாக ஒரு லினக்ஸ் போடுவாராம். அது போடும்போது பூட்லோடரும் சேர்ந்து வருமாம். அப்புறம் பழையது, புதியது இரண்டையும் எழுப்பலாமாம்.

தன்னுடைய பென்டிரைவைச் செருகி வேலையை ஆரம்பித்தார். பாதியில் லுஹர் தொழுகை நேரம் வந்தது. “ஏதாவது கேட்டா ‘தொடர்க’ன்னு அழுத்திடுங்க அண்ணி, அதுவே சரியா காட்டும்” என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

அவர் போன பிறகு ஒரு கேள்வி வந்தது. பூட்லோடரை எங்கே நிறுவ வேண்டும்? கீழே மூன்று பெயர்கள் இருந்தன. ஒன்று லேப்டாப்பின் டிஸ்க். இன்னொன்று நிஜாமின் பென்டிரைவ். மூன்றாவதில் ‘பூங்கா’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வெளிச்சமும் அதன்மேல்தான் நின்றது. என் முழுப்பேர் பூங்காவனம். பூங்கா என்று கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். நிஜாம் புதுச் சிஸ்டத்தை என் பேரில் பதிந்திருக்கிறார்போல என்று நினைத்து அழுத்திவிட்டேன்.

நிஜாம் திரும்பி வந்து, தன் பென்டிரைவை உருவிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். எழுந்துவிட்டது. “என்னவோ அண்ணன் பேரு மேல வருது. புதுசுதான் மேல வரணும்” என்று தலையைச் சொறிந்தார். வந்தவரை லாபம் என்று கேசரி கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 9, திங்கள்

திறந்ததும் ஒரு கறுப்புப் பலகை வருகிறது. மேல் வரி அவருடையது, கீழ் வரி என்னுடையது. அடியில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்குகிறது. அதற்குள் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மேல் வரியை அதுவே எழுப்பிவிடும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் வைத்த செம்பருத்திப் படம் வந்தது. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே இருக்கும் செடிதான். அதை எப்போது படம் பிடித்தாரோ.

உள்ளே அவர் குரல் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தமிழ் கேட்கப் பழக்குகிறோம் என்று ஏதோ ஒரு தன்னார்வக் கூட்டத்துக்காக, வீட்டில் இருக்கிற பிற்பகலில் எல்லாம் வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பதிவு செய்வார். ‘நாளை பேருந்து தாமதமாக வரும்.’ ‘இந்தக் கடையில் குடை கிடைக்குமா?’ இப்படித்தான் இருக்கும். அது முடியும்வரை ஃபேன் ஓடக்கூடாது, மிக்சி ஓடக்கூடாது, நான் இருமக்கூடாது. மே மாத வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து நான் திட்டிய திட்டு எல்லாம் பதிவாகியிருக்கிறது. குடை கிடைக்குமா என்று அவர் கேட்க, பின்னால் “குக்கர் வைக்கவா வேணாமா?” என்று நான். உடனே அவர், “இரு பூங்கா, ஒரே ஒரு வரி.”

அதே கூட்டத்துக்காகத் திரையில் வரும் ஆங்கில வரிகளைத் தமிழிலும் மாற்றிக் கொடுப்பார். ஒருமுறை, பென்டிரைவைப் பிடுங்கலாம் என்று சொல்கிற வரிக்கு, ‘சாதனத்தைப் பாதுகாப்பாக அகற்றலாம்’ என்று எழுதிப் படித்துக் காட்டினார். “ஆக்கிரமிப்பை அகற்றுற மாதிரி இருக்கு. ‘இனி எடுக்கலாம்’னு போடுங்க, போதும்” என்றேன். “ம்” என்றார். அவர் ‘ம்’ என்றால் முடியாது என்று அர்த்தம். நான் எதையும் படக்கென்று பிடுங்குகிறவள். அந்த வரி வரும்வரை பொறுக்க வேண்டும் என்று எத்தனை தடவை கத்தியிருப்பார்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் எழுந்தது.

ஜூன் 14, சனி

பொத்தானை அழுத்திவிட்டுப் பால் பொங்குகிறதே என்று அடுப்படிக்கு ஓடினேன். பாலை இறக்கி, சிந்தியதைத் துடைத்து, கை கழுவி வந்தால் இன்னும் பலகையே நிற்கிறது. எண் நாற்பதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்ததும் வேகமாக இறங்கி அவர் வரியைத் திறந்தது.

நிஜாமிடம் கேட்டேன். “யாராவது உள்ள போய் மாத்தினாத்தான் அண்ணி அது மாறும். அதுவா மாறாது” என்றார். நான் மாற்றவில்லை. மின்சாரக் கோளாறாக இருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

வேண்டுமென்றே அழுத்திவிட்டு மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன். அவசரப்படவில்லை. கிளிப்புகள்கூட நிறம் பார்த்துப் போட்டேன். வந்து பார்த்தபோது எண் இருந்த இடத்திலேயே இருந்தது. உட்கார்ந்தேன். பத்து, ஒன்பது, எட்டு.

உயிரோடு இருந்தபோது சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு நிமிஷம் காத்திருக்க மாட்டார்.

ஜூன் 21, சனி, பெங்களூரு

அறையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். நல்ல அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல்.

லேப்டாப் இங்கே எழுந்திருக்கவில்லை. அதே கறுப்புத் திரை, அதே ஆங்கில வரி. மருமகன் ஒரு கடைக்கு எடுத்துப் போய்க் காட்டினார். லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லையாம், எழுப்பிவிடத்தான் ஆள் இல்லையாம். பூட்லோடர் போட்டுத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அதைத் தொட வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள் என்று போனில் கத்திவிட்டேன். மாப்பிள்ளையிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. நன்முல்லை என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூன் 23, திங்கள்

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுத்தினேன். எழுந்தது.

ஜூன் 25, புதன்

வடலூர்ச் சந்தைக்குப் போனேன். காய் வாங்கத்தான். லேப்டாப்பையும் கூடைக்குள் வைத்திருந்தேன், வீட்டில் விட்டால் திருட்டுப் பயம். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தேன். இல்லை. திரும்பி வரும் வழியில் டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டியதும் அழுத்தினேன். வெகுநேரம் யோசித்து, பலகை வந்தது.

மாலையில் காற்று வாங்க முந்திரித் தோப்புப் பக்கம் நடந்தேன். தோப்புக்கு அந்தப் பக்கம்தான் இடுகாடு. பெண்கள் உள்ளே போகக்கூடாது என்பார்கள், அதனால் தோப்போரமே நின்றேன். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் பலகை வந்துவிட்டது. அதில் என் வரி இல்லை. அவருடையது மட்டும்தான் இருந்தது. எண்ணும் இறங்கவில்லை, பத்திலேயே நின்றது.

முந்திரி இலை ஒன்றுகூட அசையவில்லை. கழுத்தில் வியர்த்துவிட்டது. மூடிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கத்தரிக்காய் நல்ல பிஞ்சாகக் கிடைத்தது.

ஜூன் 29, ஞாயிறு

நன்முல்லை சொல்லி நிஜாம் வந்திருந்தார். தன் பென்டிரைவைப் போட்டு உள்ளே எல்லாம் தேடினார். தேடத் தேட முகம் மாறியது.

“அண்ணி, இந்த டிஸ்க்ல பூட்லோடரே இல்ல.”

“தினமும் எழுந்திருக்குதே.”

“அதான் புரியல. அன்னிக்கு எங்க போடணும்னு கேட்டிருக்குமே, எதை அழுத்துனீங்க?”

“என் பேரு இருந்துது. அதைத்தான் அழுத்தினேன்.”

“உங்க பேரா? நான் உங்க பேரு எங்கயும் போடலயே.”

“பூங்கான்னு இருந்துது தம்பி.”

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். லேப்டாப்பின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் செருகியிருக்கவில்லை.

“அண்ணனோட பென்டிரைவுக்குத்தான் அந்தப் பேரு. நீலக்கலர்ல இருக்குமே, அது. அவருதான் வெச்சாரு. ‘இது இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாதுய்யா’ன்னு சொல்லிச் சிரிப்பாரு.”

நாங்கள் இரண்டு பேரும் அடுப்படி ஜன்னல் வழியாகத் தோப்பைப் பார்த்தோம். யார் முதலில் பார்த்தோம் என்று தெரியவில்லை.

பத்து நிமிஷத்தில் பூட்லோடரை லேப்டாப்பிலேயே போட்டுவிடலாம், அப்புறம் எந்த ஊரிலும் எழுந்திருக்கும் என்றார். அப்புறம் பார்க்கலாம் தம்பி, அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. காபியை அவர் குடிக்கவே இல்லை.

ஜூலை 4, வெள்ளி

நன்முல்லை போன். “அம்மா, லாரிக்குச் சொல்லிடவா?”

“குவார்ட்டர்ஸ்ல இன்னும் ஆறு மாசம் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்.”

“எதுக்கும்மா?”

“மாங்கா ஊறுகாய் போட்டிருக்கேன். வெயில்ல வெக்கணும்.”

என் மகள் அழுதாள். ஊறுகாய்க்கு யாராவது அழுவார்களா?

ஜூலை 12, சனி

மூன்று நாளாகச் சாயங்காலம் ஆனால் மழை. பின்பக்கம் எல்லாம் சேறு. தோப்புப் பக்கம் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்றார் பால்காரர்.

இன்று பலகை வர வெகுநேரம் ஆனது. அதில் அவர் வரி முழுதாக இல்லை, நடுவில் எழுத்துகள் விட்டுப்போயிருந்தன. எண் எட்டுக்கு வந்து, திரும்ப ஒன்பதுக்குப் போய், மறுபடி எட்டுக்கு வந்தது. மாடி ஏறும்போது மூச்சு வாங்கி நின்று நின்று ஏறுவாரே, அப்படி.

ஆனாலும் எழுந்தது.

ஜூலை 15, செவ்வாய்

பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கியிருக்கிறார்போல. கீரைக்காரி தெருவில் குரல் கொடுத்ததும் அந்த வீட்டுப் பெண் அமலோற்பவம் ஓடிவந்து, “யக்கா, கத்தாத, உனக்குப் புண்ணியமாப் போவும், இப்பத்தான் கண்ண மூடுனாரு” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் கையில் கீரைக்கட்டோடு நின்றுவிட்டேன்.

அவள் நின்றதுபோல என் வாசலில் நான் எவ்வளவு காலம் நின்றிருக்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து அவர் படுத்தால் கீரைக்காரியைக் கத்த விடமாட்டேன். குக்கர் விசிலைக் கரண்டியால் தூக்கிப் பிடிப்பேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவேன். பகலில் தூங்குகிற மனுஷனை எழுப்புவது பாவம் என்று என் மாமியாரிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது தினமும் பொத்தானை அழுத்தி எழுப்புவது யார்?

கீரையை அப்படியே வைத்துவிட்டு அழுதேன். அவர் போனதற்கு அழுதபோதுகூட இப்படி அழவில்லை. சேற்றுக்குள் இருந்துகொண்டு, எழுத்து ஒவ்வொன்றாக உதிர உதிர, நான் கூப்பிட்டேன் என்பதற்காக எழுந்து எழுந்து வந்திருக்கிறார். நானும் துணி காயப்போட்டுவிட்டு வரும்வரை அவரை நிற்க வைத்திருக்கிறேன்.

இன்று திறக்கவில்லை.

ஜூலை 16, புதன்

திறக்கவில்லை.

ஜூலை 19, சனி

லாரிக்குச் சொல்லச் சொன்னேன். ஞாயிறு வரச் சொல்லி நிஜாமிடமும் பேசினேன். இந்த ஞாயிறு இல்லை, அடுத்தது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வெல்லம் போட்ட காபியும் இரண்டு மெதுவடையும் எடுத்துக்கொண்டு தோப்பைத் தாண்டிப் போனேன். நாத்தனாருக்குத் தெரிந்தால் குதிப்பார். குதிக்கட்டும். லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை.

மண் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. கையால் அள்ளிப் போட்டுத் தட்டினேன்.

“என்னங்க, ஞாயித்துக்கெழம நிஜாம் வர்றாரு. லேப்டாப்லயே அதைப் போட்டுடுவாரு. அதுக்கப்புறம் நீங்க எழுந்திருக்க வேணாம். நான் பெங்களூரு போறேன். திருட்டுப் பயத்துக்குத்தான் பென்டிரைவ்ல போட்டீங்கன்னு நான் நம்பிட்டேன்னே வெச்சுக்குங்க.”

காகம் வடையைத் தூக்கிக்கொண்டு போனது. எனக்குப் பயமாகவே இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

நிஜாம் இன்று உட்காரும்போதே ஏதோ முணுமுணுத்து ஓதிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பாத்திரம் எல்லாம் மூட்டை கட்டிவிட்டதால் பேப்பர் கப்பில் காபி. வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தக் கேள்வி வந்தது. பூட்லோடரை எங்கே நிறுவ வேண்டும்?

அதே மூன்று பெயர்களும் இருந்தன. ‘பூங்கா’ மேல்தான் வெளிச்சம். நிஜாம் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார். “நீங்களே பண்ணுங்க அண்ணி” என்றார்.

வெளிச்சத்தை நகர்த்தினேன். அது மறுபடி என் பேருக்கே போனது. திரும்பவும் நகர்த்தினேன், திரும்பவும் போனது.

“போதுங்க. தூங்குங்க” என்றேன். நிஜாம் இருப்பதே மறந்துவிட்டது.

மூன்றாம் தடவை நகர்த்தியபோது லேப்டாப்பின் டிஸ்க் மேலேயே நின்றது. ‘தொடர்க’ என்று அழுத்தினேன்.

முடிந்ததும் நிஜாம் தன் பென்டிரைவை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு லேப்டாப்பை மறுபடி திறந்தார். பலகை வந்தது. அவர் வரி கீழே, என் வரி மேலே, எல்லாருக்கும் வருகிற மாதிரி. கீழே இறங்கி அவருடையதை நானே திறந்தேன். செம்பருத்தி வந்தது. நிஜாம் மூச்சு விட்டார்.

அப்போது திரையின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம் எழுந்தது. பென்டிரைவ் சின்னம். பக்கத்தில் பூங்கா. அதன் கீழே ஒரே வரி:

இனி எடுக்கலாம்.

“எதை? ஒண்ணுமே செருகலயே” என்று நிஜாம் மறுபடியும் இரண்டு பக்கமும் தடவினார். பிறகு திரைக்குக் கிட்டே போய்ப் படித்தார். “எல்லா இடத்துலயும் ‘பாதுகாப்பாக அகற்றலாம்’னுதானே வரும். இப்படி யாரு மாத்துனது?”

கட்டம் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறைந்தது. என் பேச்சை அவர் கேட்டிருக்கிறார், என்னிடம் சொல்லாமலே. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 31, வியாழன், பெங்களூரு

ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல்தான். ஊறுகாய் பாட்டிலை அதன் திட்டில் வைத்திருக்கிறேன், பத்து மணிக்கு மேல் கொஞ்சம் வெயில் படுகிறது.

லேப்டாப் இங்கேயும் எழுந்தது. நன்முல்லையும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அப்பா குடை கேட்பதைக் கேட்டாள். குக்கரைப் பற்றி நான் கத்துகிற இடத்தில் சிரித்து, பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மாலையில் சோதனைக்காக அழுத்திவிட்டு வேண்டுமென்றே அடுப்படிக்குப் போய் நின்றேன். திரும்பி வந்தபோது எண் முடிந்து, எனக்காக நிற்காமல், என் வரியைத் திறந்து வைத்திருந்தது.

நல்லது. தூங்கட்டும்.